மெகாரெய்ட் மேலாண்மை மென்பொருள் மக்கர் செய்தால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

எல்எஸ்ஐ, அவாகோ, பிராட்காம் என்று கைமாறி வந்த மெகாரெய்ட் கார்டுகளுக்கும் (பல டிஸ்குகளை 'அரே' என்ற ஒரே தொகுப்பாக நடத்தும் ரெய்ட் கார்டு, கன்ட்ரோலர் என்பதும் இதுதான்), அதே சில்லை வைத்து டெல், லெனோவோ தங்கள் பெயரில் விற்கும் பல கார்டுகளுக்கும் இந்த வழிமுறை பொருந்தும். ஹெச்பி-யின் பழைய ஸ்மார்ட் அரே கார்டுகளுக்குப் பொருந்தாது, அது வேறு வம்சம். பழைய சர்வர்களில் மெகாரெய்ட் ஸ்டோரேஜ் மேனேஜர் இருக்கும், சுருக்கமாக எம்எஸ்எம். புதியவற்றில் பிரவுசரில் திறக்கும் எல்எஸ்ஐ ஸ்டோரேஜ் அத்தாரிட்டி, அதாவது எல்எஸ்ஏ.

இரண்டையும் நம்பாமல் தனியாக ஓடும் ஸ்டார்சிஎல்ஐ என்ற கட்டளைக் கருவியும் உண்டு. மென்பொருள் எதுவானாலும் முதலில் இதை நிறுவி வைத்துக்கொள்ளுங்கள். லினக்ஸில் 'ஆப்ட்' அடைவுக்குள் மெகாரெய்ட் என்ற பெயரில் போய் உட்காரும். டெல் இதையே பெர்க்சிஎல்ஐ என்று தருகிறது. கட்டளைகளை இங்கே உச்சரிப்பின்படி எழுதியிருக்கிறோம். திரையில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள்.

எந்த அறிகுறியானாலும் முதல் சோதனை ஒன்றுதான்:

ஸ்டார்சிஎல்ஐ64 /சி0 ஷோ

கார்டின் பெயர், அரேக்கள், டிஸ்குகள் எல்லாம் வரிசையாக வந்தால் கார்டு பிழைத்திருக்கிறது. அறிகுறி 1 முதல் 3 வரை என்றால் மேலே உள்ள ஜன்னல்தான் முரண்டு பிடிக்கிறது, டிஸ்க் எதையும் தொடவே வேண்டாம். ஒன்றும் வராவிட்டால் நேராக அறிகுறி 4-க்குப் போங்கள்.

அறிகுறி 1: நிறுவல் பாதியில் நின்றுவிடுகிறது

லினக்ஸில்:

எம்எஸ்எம்-இன் நிறுவல் கோப்பு சி-ஷெல்லில் எழுதப்பட்டது. இன்றைய சர்வர்களில் அந்த ஷெல் தானாக வருவதில்லை. 'பேட் இன்டர்பிரிட்டர்' என்று ஒரு வரி கக்கிவிட்டு நின்றால் அந்த ஷெல்லைத் தரும் டிசிஎஸ்ஹெச் தொகுப்பைப் போடுங்கள், அவ்வளவுதான். போட்ட பிறகும் அதே வரி வருகிறதா? ஜிப் கோப்பை விண்டோஸில் விரித்து, அங்கே ஏதோ ஒரு எடிட்டரில் திறந்து சேமித்திருப்பார்கள். வரிமுடிவில் விண்டோஸின் எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கும். மூலக் கோப்பை லினக்ஸிலேயே புதிதாக விரியுங்கள்.

அடுத்த சந்தேகம் 32-பிட் நூலகங்கள். 64-பிட் ரெட்ஹேட், சென்ட்ஓஎஸ் சர்வரில் எம்எஸ்எம் நிறுவல் முடிந்த மாதிரி காட்டும், திறந்தால் ஒன்றும் வராது. சி++ நிலைநூலகத்தின் 32-பிட் பதிப்பும், எக்ஸ்11 குடும்ப நூலகங்களின் 32-பிட் பதிப்புகளும் தேவை. ஒவ்வொன்றாகப் பிழைச்செய்தி பார்த்துப் போடுவதைவிட எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் போட்டுவிடுவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

திரை இல்லாத சர்வரில் முழு நிறுவல் தேவையில்லை. சர்வரில் 'சர்வர்' பகுதியை மட்டும் போட்டு, 'கிளையன்ட்' பகுதியை உங்கள் விண்டோஸ் கணினியில் போடுங்கள். எக்ஸ்11 தொல்லை பாதி அங்கேயே ஒழியும்.

விண்டோஸில்:

பழைய பதிப்பை நீக்குகிறேன் என்று சொல்லிக்கொண்டே நிற்கும். சேவைகள் பட்டியலில் எம்எஸ்எம்ஃபிரேம்வொர்க், எம்ஆர்மானிட்டர் இரண்டையும் நிறுத்துங்கள். பழையதைக் கையால் நீக்கி, சர்வரை மறுதொடக்கம் செய்துவிட்டு, அட்மினிஸ்ட்ரேட்டராக மறுபடி நிறுவுங்கள். மறுதொடக்கம் செய்யாமல் நிறுவினால் சேவை பதிவாகும், ஓடாது.

இயங்குதளம் புதியதாக இருந்தால் எம்எஸ்எம்-ஓடு மல்லுக்கட்ட வேண்டாம். கார்டு எல்எஸ்ஏ-வின் ஆதரவுப் பட்டியலில் இருந்தால் அதற்கு மாறுங்கள். இல்லாவிட்டால் ஸ்டார்சிஎல்ஐ மட்டும் போதும். அழகான ஜன்னல் இல்லையே என்று எந்த அரேயும் அழுததில்லை.

அறிகுறி 2: மென்பொருள் திறக்கிறது, பட்டியலில் சர்வரே இல்லை

அதிகம் வரும் புகார் இதுதான். டிஸ்குக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, முழுக்க நெட்வொர்க் வியாதி.

முதலில் சேவை ஓடுகிறதா பாருங்கள். விண்டோஸில் எம்எஸ்எம்ஃபிரேம்வொர்க். லினக்ஸில் அதன் பெயர் விவால்டிஃபிரேம்வொர்க்டி. பெயரைப் பார்த்து வேறு ஏதோ என்று நினைத்து நிறுத்தி வைப்பவர்கள் உண்டு.

சேவை ஓடுகிறது, ஆனாலும் இல்லை என்றால் 'ஹோஸ்ட்ஸ்' கோப்பைத் திறவுங்கள். டெபியன், உபுண்டுவில் நிறுவும்போதே இப்படி ஒரு வரி விழுந்திருக்கும்:

127.0.1.1 கோப்புசர்வர்

எம்எஸ்எம் தன் சர்வர் பெயரை இங்கே தேடி, 127.0.1.1 என்ற முகவரியை எடுத்து, 'நான் இங்கே இருக்கிறேன்' என்று வலையில் அறிவிக்கும். அந்த முகவரிக்கு வெளியிலிருந்து யாராலும் போக முடியாது. அந்த வரியை நீக்கி, சர்வரின் உண்மையான முகவரியைப் பெயரோடு எழுதுங்கள்:

192.168.1.20 கோப்புசர்வர்

பிறகு சேவையை நிறுத்தித் தொடங்குங்கள். 'லோக்கல்ஹோஸ்ட்' உள்ள 127.0.0.1 வரியில் மட்டும் கை வைக்காதீர்கள், வேறு பல மென்பொருள்கள் அதை நம்பி இருக்கின்றன. கிளையன்ட் கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பிலும் சர்வரின் பெயரையும் முகவரியையும் சேர்த்துவிடுவது நல்லது.

அதற்கடுத்து ஃபயர்வால். எம்எஸ்எம்-க்கு 3071, 5571 இரண்டு போர்ட்டும் திறந்திருக்க வேண்டும். சர்வரைத் தானாகக் கண்டுபிடிக்க 229.111.112.12 என்ற மல்டிகாஸ்ட் முகவரியைப் பயன்படுத்துகிறது. வேறு விலானில் (தனியாகப் பிரித்த நெட்வொர்க்கில்) இருக்கும் சர்வர் பட்டியலில் தானாக வராததற்குப் பெரும்பாலும் அதுவே காரணம். அப்படிப்பட்ட இடத்தில் தேடவிட்டுக் காத்திருக்காமல், சர்வர் முகவரியைக் கையால் கொடுத்துக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

சர்வரில் இரண்டு நெட்வொர்க் கார்டு இருந்தால் எம்எஸ்எம் தவறான ஒன்றைப் பிடித்துக்கொள்ளும். 'கன்ஃபிகர் ஹோஸ்ட்' பகுதியில் எந்த முகவரியில் பேச வேண்டும் என்று தேர்ந்தெடுங்கள்.

எல்எஸ்ஏ என்றால்: பிரவுசரில் சர்வர் முகவரிக்குப் பின் 2463 போர்ட் தர வேண்டும். பக்கம் திறந்தும் உள்ளே எதுவும் வராமல் சுற்றிக்கொண்டே இருந்தால் 9000 போர்ட்டைச் சந்தேகியுங்கள். எல்எஸ்ஏ-வின் உள் சேவை அதில்தான் உட்காரும். பிஹெச்பி-எஃப்பிஎம், போர்ட்டெய்னர், சோனார்க்யூப் என்று அதே 9000-ஐக் கேட்கும் கூட்டம் பெரியது. யார் பிடித்திருக்கிறார்கள் என்று 'எஸ்எஸ் -எல்டிஎன்பி' கட்டளை சொல்லிவிடும். மோதல் இருந்தால் எல்எஸ்ஏ-வை நீக்கி மறுபடி நிறுவுங்கள், நிறுவும்போது போர்ட் எண்ணைக் கேட்கும், வேறு எண் கொடுங்கள்.

ஆள் கூப்பிட வேண்டிய கட்டம்: விலான்களுக்கு இடையே போர்ட் திறக்க வேண்டியிருந்தால் நெட்வொர்க் பொறுப்பாளரிடம் போங்கள். ரெய்ட் தெரிந்தவரைக் கூப்பிடத் தேவையில்லை.

அறிகுறி 3: பெயர், கடவுச்சொல் கொடுத்தால் ஏற்கவில்லை

மென்பொருளுக்கென்று தனிக் கணக்கு கிடையாது. சர்வரின் இயங்குதளக் கணக்குதான் வேண்டும், அதுவும் ரூட் அல்லது அட்மினிஸ்ட்ரேட்டர் அதிகாரத்தோடு. உபுண்டுவில் ரூட் கணக்குக்குக் கடவுச்சொல்லே வைத்திருக்க மாட்டார்கள், சூடோவிலேயே காலம் தள்ளியிருப்பார்கள். ரூட்டுக்குக் கடவுச்சொல் வைத்துவிட்டு முயலுங்கள். எஸ்எஸ்ஹெச்-சில் ரூட் நுழைவை மூடியே வைக்கலாம், எம்எஸ்எம்-க்கு அது தேவையில்லை.

உள்ளே போக முடிகிறது, மெனுக்கள் மட்டும் மங்கலாக இருக்கின்றன என்றால் 'வியூ ஒன்லி' முறையில் நுழைந்திருக்கிறீர்கள். வெளியே வந்து 'ஃபுல் அக்சஸ்' தேர்ந்தெடுங்கள்.

அறிகுறி 4: உள்ளே போனால் கன்ட்ரோலர் இல்லை

அ. மென்பொருளை மெய்நிகர் கணினிக்குள் நிறுவியிருக்கிறீர்களா? கார்டு கீழே நின்று மெய்நிகர் கணினிகளை ஓட்டும் ஹைப்பர்வைசரிடம் இருக்கிறது. உள்ளிருக்கும் விண்டோஸுக்கு அது தெரியவே தெரியாது. கார்டையே அந்த மெய்நிகர் கணினிக்கு நேரடியாக ஒப்படைத்திருந்தால் ஒழிய, ஹைப்பர்வைசரில்தான் பார்க்க வேண்டும்.

ஆ. லினக்ஸில் 'எல்எஸ்பிசிஐ' கொடுங்கள். கார்டு பட்டியலில் தெரிகிறது, ஆனால் மெகாரெய்ட்_சாஸ் டிரைவர் ஏறவில்லை என்றால் கர்னல் மேம்படுத்தியபோது தனியாகக் கட்டிய டிரைவர் விடுபட்டிருக்கும். கர்னலோடு வரும் டிரைவரையே முதலில் ஏற்றிப் பாருங்கள்.

இ. ஏறியிருக்கும் டிரைவர் எம்பிடி2சாஸ் அல்லது எம்பிடி3சாஸ் என்றால் அது மெகாரெய்டே அல்ல. கார்டில் பெரும்பாலும் ஐடி முறை ஃபர்ம்வேர் இருக்கும். ரெய்ட் இல்லாமல் டிஸ்குகளை அப்படியே காட்டும் முறை. செகண்ட் ஹாண்டில் வாங்கிய கார்டுகளில் இது சகஜம், இசட்எஃப்எஸ் (டிஸ்குகளை மென்பொருளிலேயே சேர்க்கும் கோப்பு முறைமை) ஆட்கள் விரும்பி மாற்றி வைத்திருப்பார்கள். எம்எஸ்எம் இதில் அரே கட்டித் தராது. ஃபர்ம்வேரை மாற்றும் முன் டிஸ்கில் தரவு இருக்கிறதா என்று ஒரு முறைக்கு இரண்டு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஈ. எல்எஸ்பிசிஐ-யிலேயே இல்லை. சர்வரை அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கி, கார்டைக் கழற்றி, தங்கநிறத் தொடுமுனையைத் துடைத்து, வேறு ஸ்லாட்டில் மாட்டுங்கள். கழற்றும் முன் எந்தக் கேபிள் எந்தத் துளையில் இருந்தது என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஹீட்சிங்கில் தூசி அடைத்திருக்கிறதா பாருங்கள். இந்தக் கார்டுகளுக்குச் சொந்த ஃபேன் பெரும்பாலும் கிடையாது. சர்வர் பெட்டியின் காற்றோட்டத்தை நம்பி வடிவமைத்தவை, நிமிடத்துக்கு 200 அடி வேகத்தில் காற்று வேண்டும் என்று கையேட்டிலேயே கேட்கும். சாதாரண டவர் பெட்டியில் மாட்டி ஏசி இல்லாத அறையில் வைத்தால் மதியம் காணாமல் போய், காலையில் திரும்பி வரும். கார்டின் மேல் 40 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்று வைத்தால் தீரும்.

உ. மாற்றி மாட்டியும் தெரியவில்லை என்றால் கார்டு போய்விட்டது. அரேயின் விவரம் டிஸ்குகளிலும் எழுதப்பட்டிருப்பதால் அதே குடும்பத்துக் கார்டில் மாட்டினால் திரும்ப வரும், அறிகுறி 6 பாருங்கள். இங்கே ஆள் கூப்பிடுங்கள்.

அறிகுறி 5: அலாரம் கத்துகிறது, அரே 'டிகிரேடெட்' என்கிறது

கத்தும் விதத்தைக் காதால் கேளுங்கள். 1 நொடி ஒலி, 1 நொடி மௌனம்: அரே டிகிரேடெட், டிஸ்க் குறைந்தும் ஓடிக்கொண்டிருக்கிறது. 3 நொடி ஒலி, 1 நொடி மௌனம்: அரே ஆஃப்லைன், இது பெரிய சங்கதி. 1 நொடி ஒலி, 3 நொடி மௌனம்: ஹாட் ஸ்பேர் (காத்திருக்கும் உபரி டிஸ்க்) வேலையில் இறங்கி ரீபில்டும் (அதில் தரவை மறுபடி நிரப்புவது) முடிந்துவிட்டது, நிதானமாகப் புது டிஸ்க் வாங்கலாம். சத்தத்தை அடக்க 'சைலன்ஸ்' போதும். 'டிசேபிள்' கொடுத்துவிட்டால் அடுத்த டிஸ்க் போகும்போது மூச்சு விடாது.

பிறகு இதை ஓட்டுங்கள்:

ஸ்டார்சிஎல்ஐ64 /சி0/இஆல்/எஸ்ஆல் ஷோ

இடது ஓரத்தில் 252:3 என்பது போல எண் வரும். முதலாவது என்க்ளோஷர், இரண்டாவது ஸ்லாட். நிலை என்ற பத்தியில் நல்ல டிஸ்குக்கு 'ஆன்லைன்' என்பதன் சுருக்கம் இருக்கும். ஆஃப்லைன் சுருக்கமோ 'யுபேட்' (அரேயில் சேராத, பழுதான டிஸ்க்) என்றோ இருப்பதுதான் ஆசாமி.

அந்த டிஸ்க் உண்மையிலேயே செத்ததா? அதே கட்டளையின் கடைசியில் 'ஆல்' சேர்த்தால் ஒவ்வொரு டிஸ்குக்கும் பிழைக் கணக்கு வரும். மீடியா எரர், ப்ரெடிக்டிவ் ஃபெய்லியர் ஏறியிருந்தால் டிஸ்கின் தட்டிலேயே கோளாறு, மாற்ற வேண்டியதுதான். அதர் எரர் மட்டும் நூற்றுக்கணக்கில் இருந்து மீடியா எரர் 0 என்றால் கேபிளையோ பேக்பிளேனையோ (டிஸ்குகளைச் செருகும் பலகை) முதலில் சந்தேகியுங்கள். ஒரே கேபிளில் தொங்கும் நாலு டிஸ்கிலும் அதர் எரர் என்றால் சந்தேகமே வேண்டாம், கேபிள்தான். டிஸ்கை விடக் கேபிள் மலிவு, அதை முதலில் மாற்றுங்கள். டெஸ்க்டாப் டிஸ்க் போட்டிருந்தால் இன்னொரு காரணம் உண்டு: கெட்ட செக்டரைப் படிக்க அது நீண்ட நேரம் எடுத்துக்கொள்ளும், கார்டு அவ்வளவு பொறுமையாகக் காத்திராமல் வெளியே தள்ளிவிடும். டிஸ்க் நல்லதாகவே இருக்கும், ஆனால் மறுபடி மறுபடி விழும்.

மாற்றும் முன் மற்ற டிஸ்குகளின் மீடியா எரரையும் பாருங்கள். ரெய்ட் 5-இல் ஒன்று போய், மிச்சமுள்ள ஒன்றிலும் மீடியா எரர் இருந்தால் ரீபில்டை ஆரம்பிக்காதீர்கள். ரீபில்ட் என்பது மிச்ச டிஸ்குகள் எல்லாவற்றையும் முதலிலிருந்து கடைசி வரை படிக்கும் வேலை. நொண்டும் டிஸ்க் அந்த ஓட்டத்தில்தான் விழும். முதலில் பேக்கப்.

டிஸ்கைப் பிடுங்கும் முன் அடையாளம் காட்டச் சொல்லுங்கள்:

ஸ்டார்சிஎல்ஐ64 /சி0/இ252/எஸ்3 ஸ்டார்ட் லொகேட்

விளக்கு மின்னும். பேக்பிளேன் இல்லாமல் நேரடிக் கேபிளில் இருந்தால் மின்னாது. அப்போது டிஸ்கின் சீரியல் எண்ணைத் திரையிலும் லேபிளிலும் ஒத்துப் பாருங்கள். மென்பொருள் ஸ்லாட்டை 0-இல் இருந்து எண்ணும். பெட்டியில் ஒட்டிய லேபிள் 1-இல் இருந்து எண்ணலாம். நல்ல டிஸ்கைப் பிடுங்கி ரெய்ட் 5-ஐச் சாய்த்த கதைகளில் பாதி இந்த ஒரு எண் வித்தியாசம்தான்.

புது டிஸ்க் அதே கொள்ளளவு அல்லது கூடுதல். சாஸ் இருந்த இடத்தில் சாஸ், சாட்டா இருந்த இடத்தில் சாட்டா. செக்டர் அளவும் ஒத்துப்போக வேண்டும், 512 பைட் அரேயில் 4கே நேட்டிவ் டிஸ்க் சேராது. பழையதை இழுத்ததும் தட்டு நிற்க அரை நிமிடம் விட்டு, புதியதை உறுதியாகத் தள்ளுங்கள்.

ரீபில்ட் தானாகத் தொடங்கவில்லையா? நிலை என்ன காட்டுகிறது என்பதைப் பொறுத்தது:

'யுகுட்', அதாவது நல்ல டிஸ்க், ஆனால் எந்த அரேயிலும் இல்லை: அதை ஹாட் ஸ்பேராகக் குறியுங்கள். கார்டு உடனே எடுத்துக்கொண்டு ரீபில்டைத் தொடங்கும்.

'யுபேட்': 'செட் குட்' கொடுத்துப் பாருங்கள். நிலைத்தால் சரி. மறுபடி விழுந்தால் புது டிஸ்கே பழுது, கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள்.

'ஜேபாட்': டிஸ்கை அரேயில் சேர்க்காமல் தனியாகக் காட்டும் ஜேபாட் முறை கார்டில் திறந்திருக்கிறது. ஸ்லாட் எண்ணை மறுபடி சரிபார்த்துவிட்டு 'குட்' நிலைக்கு மாற்றி, பிறகு ஹாட் ஸ்பேராக்குங்கள்.

குழு என்ற பத்தியில் 'எஃப்' எழுத்து, அதாவது ஃபாரின்: வேறு அரேயில் இருந்த டிஸ்க், பழைய குறிப்போடு வந்திருக்கிறது. மற்ற எல்லா டிஸ்குகளும் ஆன்லைனில் இருந்து, இது ஒன்று மட்டும் 'எஃப்' என்றால்தான் ஃபாரின் குறிப்பை அழிக்கலாம்.

ரீபில்ட் நேரம்: நொடிக்கு 100 மெகாபைட் என்று வைத்தால் 4 டெராபைட்டுக்குச் சுமார் 11 மணி நேரம். வேலை ஓடும் சர்வரில் அதைவிட இழுக்கும். ரீபில்ட் ரேட் இயல்பாக 30 சதவீதம். இரவில் 60-க்கு உயர்த்தி, காலையில் இறக்கிவிடலாம்.

ஆள் கூப்பிட வேண்டிய கட்டம்: ரெய்ட் 5-இல் இரண்டு, ரெய்ட் 6-இல் மூன்று டிஸ்க் விழுந்திருந்தால். செத்த டிஸ்கை 'ஆன்லைன்' என்று கட்டாயப்படுத்தும் பொத்தான் ஒன்று இருக்கிறது. முதலில் விழுந்தது எது, கடைசியில் விழுந்தது எது என்று நிகழ்வுப் பதிவைப் படிக்கத் தெரியாதவர் அதை அழுத்தக் கூடாது.

அறிகுறி 6: எல்லா டிஸ்கும் 'ஃபாரின்'

கார்டு மாற்றிய பிறகு, டிஸ்குகளை வேறு சர்வருக்குக் கொண்டுபோன பிறகு, அல்லது டிஸ்க் பெட்டிக்கு மின்சாரம் தாமதமாக வந்த பிறகு வரும். பயப்பட ஒன்றுமில்லை, அவசரப்பட்டால்தான் ஆபத்து.

முதலில் எல்லா டிஸ்கும் தெரிகிறதா எண்ணுங்கள். எட்டுக்கு ஆறுதான் தெரிகிறது என்றால் அணைத்து, கேபிளைச் சரிபார்த்து, எட்டும் வந்த பிறகே அடுத்த வேலை. எம்எஸ்எம்-இல் 'ஸ்கேன் ஃபாரின் கன்ஃபிகரேஷன்' அழுத்தினால் முன்னோட்டம் காட்டும். அரேயின் பெயர், அளவு, ரெய்ட் வகை உங்கள் குறிப்போடு ஒத்தால் 'இம்போர்ட்'. பக்கத்திலேயே 'கிளியர்' இருக்கும். அது டிஸ்கில் உள்ள அரே வரைபடத்தைத் துடைத்துவிடும்.

கிளியர் அழுத்திவிட்டீர்கள் என்றால் புது அரே கட்டாதீர்கள், இனிஷியலைஸ் செய்யாதீர்கள், டிஸ்குகளின் வரிசையைக் கலைக்காதீர்கள். சர்வரை அணைத்து, ஒவ்வொரு டிஸ்கிலும் ஸ்லாட் எண்ணை மார்க்கரால் எழுதி, தரவு மீட்பு ஆட்களிடம் கொடுங்கள். தரவு இன்னும் தட்டில்தான் இருக்கிறது.

அறிகுறி 7: திடீரென்று எழுதும் வேகம் படுத்துவிட்டது

அரே நலமாக இருக்கிறது, படிக்கும் வேகமும் சரி, எழுதுவது மட்டும் ஆமை. 'ரைட் பேக்'கில் (கார்டின் கேஷில் வாங்கிக்கொண்டு பிறகு டிஸ்கில் எழுதுவது) இருந்தது 'ரைட் த்ரூ'வுக்கு (டிஸ்கில் எழுதி முடித்த பிறகே பதில் சொல்வது) மாறியிருக்கிறதா பாருங்கள். கார்டின் பேட்டரி நம்பிக்கையாக இல்லாவிட்டால் கார்டே இப்படி மாறிக்கொள்ளும்.

பேட்டரி லேர்ன் சுழற்சியில் (தன் கொள்ளளவை அளக்க இறங்கி ஏறும் சோதனை) இருந்தால் சில மணி நேரத்தில் தானாகத் திரும்பும், விட்டுவிடுங்கள். முடிந்தும் திரும்பவில்லை என்றால் பேட்டரிக்கு வயதாகிவிட்டது, மாற்றுங்கள். கேஷ்வால்ட் உள்ள கார்டில் பேட்டரிக்குப் பதில் சூப்பர்கெப்பாசிட்டர் இருக்கும். அதன் இணைப்பு வயர் தளர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எதுவும் இல்லையென்றால் பேட்ரோல் ரீட் (டிஸ்குகளில் கெட்ட இடம் தேடிப் பின்னணியில் படிப்பது) ஓடுகிறதா பாருங்கள். இயல்பாக 168 மணி நேரத்துக்கு ஒரு முறை, அதாவது வாரம் ஒரு தடவை கிளம்பும்.

'ஆல்வேஸ் ரைட் பேக்' கொடுத்தால் வேகம் உடனே வரும். பேட்டரி இல்லாமல் அதைப் போட்டுவிட்டு, மின்வெட்டில் சர்வர் அணைந்தால் கேஷில் இருந்தது அத்தனையும் போச்சு. யுபிஎஸ் இருக்கிறதே என்பது பதில் இல்லை. சர்வரின் பவர் சப்ளை எரிந்தால் யுபிஎஸ் என்ன செய்யும்?

அறிகுறி 8: டிஸ்க் போனது, மெயில் வரவில்லை

எம்ஆர்மானிட்டர் சேவை ஓடுகிறதா, பெறுநர் முகவரி சரியா, தீவிர நிகழ்வுகளுக்கு மெயில் டிக் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். கம்பெனி மெயில் சர்வர் குறியாக்கம் கட்டாயம் என்றால் உள்ளூரில் ஒரு ரிலே வைத்து, எம்எஸ்எம்-ஐ அதன் 25 போர்ட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள். 'டெஸ்ட்' பொத்தானை அழுத்தி, மெயில் ஸ்பாம் பெட்டியில் விழவில்லை என்று கண்ணால் பாருங்கள். பெறுநராக ஒரே ஒருவரை வைக்காதீர்கள், அவர் வேலையை விட்டுப் போன மாதம்தான் டிஸ்க் போகும்.